வெலிங்டன் சொன்னது, டில்லி கேட்காதது

மலைமேல் ஒரு பாசறை – 11

ஒரு ராணுவக் கல்லூரித் தலைவரின் அறையில் யார் யார் படம் மாட்டியிருக்கிறது என்று அரசாங்கம் விசாரித்துக்கொண்டிருந்தது. இடம் வெலிங்டன். காலம் 1961-62. அந்த அதிகாரி மேஜர் ஜெனரல் சாம் மானெக்‌ஷா. குற்றச்சாட்டு சிறியதல்ல, தேச விரோத மனப்பான்மை. பழைய வெள்ளைக்கார ஆளுநர்கள், தளபதிகளின் படங்களை அலுவலகத்தில் வைத்திருந்தார், அமைச்சரைப் பற்றியும் மேலிடத்தைப் பற்றியும் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்றெல்லாம் சாட்சியம் திரட்டினார்கள்.

அதே மாதங்களில் லடாக்கின் பனியில் நம் ஜவான்கள் சிறு சிறு காவல்நிலைகளில் ஐம்பது பேர், முப்பது பேர் என்று உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் கம்பியை இழுத்துவிட்டுச் சுட வேண்டிய .303 துப்பாக்கி. எதிரே இருந்த சீனப் படையிடம் தானியங்கி ஆயுதங்களும், வண்டிகள் ஓடும் சாலையும் இருந்தன. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று டில்லி தேடிய இடம் குன்னூர் மலைச்சரிவில் இருந்த ஓர் அலுவலகச் சுவர். ஆபத்து வந்ததோ இமயமலை வழியாக.

ஜெகதளா கிராமத்தை ஒட்டிய மேட்டு நிலம் எப்படி வெலிங்டன் ஆயிற்று என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்தக் கல்லூரியின் தலைமை நாற்காலியில் அமர்ந்த மூன்று பேரைப் பற்றியும், அவர்களால் வெளியே சொல்ல முடியாததை நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்ன ஒரு கிழவரைப் பற்றியும் எழுதுகிறேன். பத்து வாரமாக இந்த அத்தியாயத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

பிரிவினைக்கு முன்பு ராணுவத்தின் ஸ்டாஃப் காலேஜ் குவெட்டாவில் இருந்தது. 1947இல் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியாவின் பங்குக்கு வந்த ஆட்களையும் புத்தகங்களையும் கொண்டு வெலிங்டனில் புதிதாகத் தொடங்கினார்கள். அதை நிறுவி நடத்திய முதல் தலைவர் எஸ்.டி. வர்மா. அவருக்குப் பின் வந்தவர் ஜோ லென்டெய்ன் என்ற ஆங்கிலேய ஜெனரல். பர்மாக் காட்டில் ஜப்பானியரோடு சண்டையிட்ட சிண்டிட் படையின் தளபதியாக இருந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் நம் அரசு அவரை அந்தப் பொறுப்பில் வைத்திருந்தது.

1950 அக்டோபரில் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. அந்த நாட்களில் வெலிங்டன் வகுப்பறை ஒன்றில் நடந்ததை அங்கே மாணவராக இருந்த ஜே.பி. தால்வி பின்னாளில் ‘ஹிமாலயன் பிளண்டர்’ என்ற புத்தகத்தில் எழுதினார். லென்டெய்ன் வகுப்புக்குள் வந்து, திபெத்தில் நடப்பதைப் பார்த்தும் டில்லி கைகட்டி நிற்கிறது, இது தொலைநோக்கு இல்லாத செயல் என்று கடுமையாகப் பேசினார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் ஓய்வு பெறுவதற்கு முன்பே சீனரோடு சண்டையிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இளைஞரான தால்விக்கு அது பிடிக்கவில்லை. நம் பிரதமரை ஒரு வெள்ளைக்காரர் எப்படிக் குறை சொல்லலாம் என்று கோபம் வந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1962 அக்டோபர் 20 அதிகாலையில், நம்கா சூ ஆற்றங்கரையில் சீனத் தாக்குதலை முதலில் வாங்கிய 7ஆவது பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் தால்விதான். அவருடைய பிரிகேடு சில மணி நேரத்தில் சிதைந்தது. அவர் போர்க்கைதியாகி அடுத்த ஆண்டு மே மாதம்தான் திரும்பி வந்தார். வெலிங்டனில் தான் கோபப்பட்ட அந்த வகுப்பை அவர் ஏன் புத்தகத்தில் நினைவுகூர்ந்தார் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

முதல் தலைவரான வர்மாவுக்கு வருவோம். 1961இல் அவர் லெப்டினன்ட் ஜெனரல். லடாக்குக்குப் பொறுப்பான 15ஆவது கோர் படையின் தளபதி. எல்லையில் நம் நிலை வலுப்பட்டுவிட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னதைப் படித்துவிட்டு, களத்தில் அப்படி இல்லை என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்தார். சில மாதங்களில் பணியை விட்டே விலகினார்.

மூன்றாமவர் மானெக்‌ஷா. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கும் மனக்கசப்பு வெலிங்டனுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தரைப்படைத் தளபதி திம்மையாவைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று மேனன் ஒருமுறை கேட்டதாகவும், என் தளபதியைப் பற்றி என்னிடம் கேட்கக் கூடாது, நாளை என்னைப் பற்றி எனக்குக் கீழே இருப்பவர்களிடம் கேட்பீர்கள், பிறகு ராணுவத்தில் கட்டுப்பாடு எங்கே நிற்கும் என்று மானெக்‌ஷா பதில் சொன்னதாகவும் படை வட்டாரத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். 1959 ஆகஸ்ட் 31 அன்று திம்மையாவே ராஜினாமாக் கடிதம் கொடுத்து, நேரு கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றார். பதவி உயர்வுகளில் தகுதியைவிட வேண்டியவர், வேண்டாதவர் என்பதே பார்க்கப்படுகிறது என்பது அவருடைய மனக்குறைகளில் முக்கியமானது. பி.எம். கவுல் என்ற அதிகாரி சீனியர்களைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தார்.

வெலிங்டன் விவகாரத்தை விசாரித்த குழுவுக்குத் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங், மேற்குப் பிராந்தியத் தளபதி. அவர் மானெக்‌ஷாவைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார். இந்த தௌலத் சிங்கை நம் சரித்திரப் புத்தகங்கள் மறந்துவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1962 ஆகஸ்ட் நடுவில், போருக்கு இரண்டு மாதம் முன்பு, லடாக்கில் நம்மிடம் போதுமான படை இல்லை, இந்தப் பலத்தோடு காவல்நிலைகளை முன்னே முன்னே தள்ளிக்கொண்டு போவது சீனரைச் சீண்டுவதில் முடியும், அரசியல் முடிவுகள் ராணுவத்தின் கைவசம் இருப்பதை ஒட்டி எடுக்கப்பட வேண்டும் என்ற பொருள்பட ராணுவத் தலைமையகத்துக்கு எழுதினார். கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த தோரட், 1959லேயே வடகிழக்கு எல்லைக்கான தன் மதிப்பீட்டை எழுதிக் கொடுத்திருந்தார். இப்படி ஒருவர் அல்ல, நான்கைந்து பேர் எழுதினார்கள். எல்லாக் கடிதங்களும் கோப்பில் தூங்கின.

இதில் ராணுவத்தினர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சீருடை அணிந்தவர் பத்திரிகையாளரைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது. மேடை ஏறக் கூடாது. அப்படிப் பேசத் தொடங்கிய நாடுகளில் ஜெனரல்கள் வானொலி நிலையத்தைக் கைப்பற்றி ஆட்சியில் உட்கார்ந்தார்கள். 1958இல் பாகிஸ்தானில் அயூப் கான் அதைத்தான் செய்தார். மேலதிகாரிக்கு எழுதலாம், அமைச்சரிடம் சொல்லலாம், கேட்காவிட்டால் விலகலாம். அதோடு அவர்களுடைய வழி முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே இடம் நாடாளுமன்றம்தான். அங்கே இருப்பவர்கள் கேட்காவிட்டால் இந்த நாட்டில் வேறு யாரும் கேட்க முடியாது.

கேட்டார்கள். 1959 ஆகஸ்டில் லோங்ஜு காவல்நிலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டிருப்பது வெளியே தெரிந்தது. சீனாவோடு நடந்த கடிதப் போக்குவரத்தை அவையில் வையுங்கள் என்று ஜனசங்கத்தின் இளம் உறுப்பினர் வாஜ்பாய் உள்ளிட்டோர் நெருக்கினார்கள். செப்டம்பர் 7 அன்று முதல் வெள்ளை அறிக்கை வந்தது. ஐந்தாண்டுகளாக இரண்டு அரசுகளுக்கும் இடையே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்ததை இந்திய மக்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். உறுப்பினர்கள் விடாமல் கேட்டிராவிட்டால் அந்தக் கோப்புகளும் தூங்கியிருக்கும்.

ஆனால் இந்த அத்தியாயத்தின் நாள் 1961 ஏப்ரல் 11.

அன்று மக்களவையில் எழுந்தவர் ஆச்சார்ய ஜே.பி. கிருபளானி. வயது 72. மெலிந்த உடம்பு, தோளைத் தொடும் வெள்ளை முடி. சம்பாரணில் காந்தியோடு நின்றவர். சுதந்திரம் வந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர். இப்போது எதிர்வரிசையில் இருந்தார். அவர் பேச்சு நேராக மேனனைக் குறிவைத்தது. ராணுவத்துக்குள் கோஷ்டிகளை உருவாக்கிவிட்டார், படையின் மனவுறுதியைக் குலைத்துவிட்டார், ஏழை நாட்டின் பணத்தை வீணடித்துவிட்டார், எல்லைக் காவலைக் கோட்டை விட்டுவிட்டார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சாட்டினார். ஒரு அடிகூடத் திருப்பி அடிக்காமல் 12,000 சதுர மைலைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறோம் என்றார்.

பேச்சின் உயிர் அதற்கடுத்த பகுதியில் இருக்கிறது. ஆளுங்கட்சி வரிசையைப் பார்த்துத் திரும்பினார். 1940இல் பிரிட்டனில் சேம்பர்லினைப் பிரதமர் நாற்காலியிலிருந்து இறக்கியது எதிர்க்கட்சி மட்டுமல்ல, அவருடைய கட்சிக்காரர்களே மனசாட்சிப்படி அவருக்கு எதிராக நின்றார்கள் என்று நினைவூட்டினார். நீங்களும் உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள் என்றார். காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் உள்ளூர அசைந்துபோனார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. சுதந்திர இந்திய நாடாளுமன்றத்தின் மிகச் சிறந்த பேச்சு என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

கிருபளானியைத் தீர்க்கதரிசியாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. இதே மனிதர் மூன்றாண்டுகள் முன்பு, ராணுவச் செலவு ஏறிக்கொண்டே போகிறதே, காந்தியின் ஆத்மா இதைப் பொறுக்குமா என்று அவையில் வருந்தியவர். திபெத் வீழ்ந்ததையும் எல்லையில் ரத்தம் சிந்தியதையும் பார்த்தபின் அவர் மாறினார். மாறியதை மறைக்கவுமில்லை. மேனனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி ஆகியவற்றுக்கு வித்திட்டது அவர் காலம். ஆயுதத்துக்கு வெளிநாட்டை நம்பக் கூடாது என்ற அவருடைய கருத்து இன்றைக்கும் சரி. படைக்கலத் தொழிற்சாலைகளில் காபி வடிகட்டும் கருவி செய்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் செய்த ஏளனத்தில் பாதி அரசியல்தான். அவருடைய பிழை வேறு இடத்தில் இருந்தது. எதிர்த்துச் சொன்ன ஒவ்வொருவரையும் எதிரி என்று எண்ணினார். ஆமாம் போட்டவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டார். வெலிங்டனில் மானெக்‌ஷாவுக்கு நடந்ததும் டில்லி அவையில் கிருபளானிக்குக் கிடைத்த பதிலும் அந்த ஒரே குணத்தின் விளைவுகள்.

1962 பிப்ரவரியில் பொதுத் தேர்தல். வடக்கு பம்பாய்த் தொகுதியில் மேனனை எதிர்த்து கிருபளானியே நின்றார். எதிர்க்கட்சிகள் பலவும் அவர் பின்னால் திரண்டன. நேரு நேரில் வந்து மேனனுக்கு வாக்குக் கேட்டார். மேனன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஜெயித்தார். இதோடு மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்றது ஆளும் தரப்பு. தேர்தலில் கிடைத்த வாக்குகள் துப்பாக்கிப் பற்றாக்குறையைத் தீர்த்துவிடுமா என்று கேட்க அப்போது அவையில் கிருபளானி இல்லை. அதே தேர்தலில் நீலகிரி மக்கள் காங்கிரஸ் வேட்பாளர் அக்கம்மா தேவியைத் தேர்ந்தெடுத்தார்கள். படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி அவர். வெலிங்டனும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் உள்ள தொகுதியின் உறுப்பினராக அவர் அவைக்குள் போன ஏழாவது மாதம் போர் வந்தது.

போரின் கதையை இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. அக்டோபர் 20இல் தொடங்கியது. 26இல் நெருக்கடி நிலை பிரகடனம். தவாங் போயிற்று. பின்பு சேலா, பொம்டிலா. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. ஒரு மாதம்தான்.

அந்த ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தில் நடந்ததை இன்றைய தலைமுறை கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்காலக் கூட்டத் தொடர் நவம்பர் 19இல் தொடங்குவதாக இருந்தது. அதுவரை காத்திருக்க முடியாது, உடனே அவையைக் கூட்டுங்கள் என்று அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வாஜ்பாய் ஒரு குழுவோடு போய் நேருவிடம் கேட்டார். வாஜ்பாய்க்கு வயது 37. அவருடைய கட்சிக்கு அவையில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். நேரு ஒப்புக்கொண்டார். நவம்பர் 8 அன்று, எல்லையில் நம் வீரர்கள் இறந்துகொண்டிருக்கும்போதே, அவை கூடியது. எல். எம். சிங்வி என்ற சுயேச்சை உறுப்பினர், கதவை அடைத்து ரகசியக் கூட்டமாக நடத்தலாமே என்றார். வேண்டாம், மக்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று நேரு மறுத்துவிட்டார். மக்களவையில் 165 உறுப்பினர்கள் பேசினார்கள். ஆளுங்கட்சிக்காரர்களும் பேசினார்கள், கடுமையாகவே பேசினார்கள். நேரு உட்கார்ந்து கேட்டார். நவம்பர் 14 அன்று, அவருடைய பிறந்த நாளில், ஆக்கிரமிப்பாளரை விரட்டுவோம் என்ற தீர்மானத்தை உறுப்பினர்கள் எழுந்து நின்று நிறைவேற்றினார்கள்.

கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாள், நவம்பர் 7, மேனன் அமைச்சரவையிலிருந்து விலகியிருந்தார். அக்டோபர் 31லேயே பாதுகாப்புத் துறை அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, பாதுகாப்பு உற்பத்தி மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது. அதுவும் கூடாது என்று பிடிவாதமாக நின்று அவரை வெளியேற்றியவர்கள் காங்கிரஸ் எம்.பி.க்கள். 1961 ஏப்ரலில் கிருபளானி எந்த வரிசையைப் பார்த்து மனசாட்சியைக் கேளுங்கள் என்றாரோ அதே வரிசை. பத்தொன்பது மாதம் தாமதம். அந்த இடைவெளியில் என்னென்ன செய்திருக்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. குளிருக்குக் கம்பளி உடை வாங்கியிருக்கலாம். எழுதியவர்களின் கடிதத்தைப் படித்திருக்கலாம். நம்கா சூவில் பருத்திச் சட்டையோடு, கையில் சொற்பத் தோட்டாக்களோடு நின்ற அந்தப் பிரிகேடை அங்கே அனுப்பாமலாவது இருந்திருக்கலாம்.

நவம்பர் இறுதியில், கவுல் விட்டுப்போன 4ஆவது கோர் படையின் பொறுப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டது தெரியுமா? ஓராண்டுக்கு முன் தேச விரோதி என்று விசாரிக்கப்பட்ட மானெக்‌ஷாவுக்கு. தேஜ்பூரில் போய் இறங்கியதும், எழுத்து மூலம் என் உத்தரவு இல்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு என்னிடமிருந்து வராது என்று சொன்னார். ஒன்பதாண்டுகள் கழித்து அவர் என்ன சாதித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரை விடுவித்த தௌலத் சிங் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1963 நவம்பர் 22 அன்று பூஞ்ச் அருகே ஹெலிகாப்டர் விழுந்து, மேலும் சில உயர் அதிகாரிகளோடு இறந்துபோனார்.

நம் மாநிலத்துக்கு அந்த மாதங்களில் ஒரு தனிக் கதை உண்டு. 1962 மே மாதம் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசியவர் அண்ணா. விலைவாசிப் போராட்டத்தில் கைதாகி வேலூர் சிறையில் இருந்து அக்டோபரில் வெளியே வந்தபோது போர் தொடங்கியிருந்தது. பிரிவினைக் கோரிக்கையை ஒதுக்கிவைத்தார். போர் முயற்சிக்கு முழுத் துணை என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்தபோது அதே அண்ணா மாநிலங்களவையில் எழுந்து அதை எதிர்த்து வாதாடினார். நாட்டைக் காப்பதில் அரசோடு நிற்பதற்கும், அரசு கொண்டுவரும் சட்டத்தைக் கேள்வி கேட்பதற்கும் அவர் முரண்பாடு காணவில்லை. அன்றைக்கு அவரை இதற்காக யாரும் துரோகி என்று அழைத்து வாயடைக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாமல் விட முடியாது. உறுப்பினர்கள் கொடுத்த அழுத்தம் எல்லாமே நன்மையில் முடியவில்லை. 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ என்லாய் டில்லிக்குப் பேச வந்தபோது, ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவையிலும் வெளியிலும் கூச்சல் எழுந்தது. ஏன் இன்னும் விரட்டவில்லை, ஏன் இன்னும் முன்னேறவில்லை என்ற கேள்விகள் கூட்டத்துக்குக் கூட்டம் வந்தன. அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் படை இல்லாத இடத்திலும் கொடியை நட்டுக் காவல்நிலை வைக்கும் கொள்கை 1961 நவம்பரில் உருவானது. கேட்பதிலும் இரண்டு வகை உண்டு. ‘ஏன் அடிக்கவில்லை?’ என்பது ஒரு கேள்வி. ‘அடிக்க வேண்டிவந்தால் நம் வீரனிடம் என்ன இருக்கிறது?’ என்பது வேறு கேள்வி. முதலாவது கைதட்டல் வாங்கும், இரண்டாவது வேலை வாங்கும். கிருபளானியின் 1961 பேச்சில் இரண்டும் கலந்தே இருந்தன. அவருடைய இரண்டாவது கேள்வியைத்தான் நாடு தவறவிட்டது.

1963 மே மாதம் அம்ரோஹா இடைத்தேர்தலில் ஜெயித்து கிருபளானி திரும்பி வந்தார். ஆகஸ்டில், சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நான்கு நாள், இருபத்தோரு மணி நேரத்துக்கும் மேல் விவாதம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோல்விதான். ஆனால் தன் ஆட்சியின் பாதுகாப்புக் கொள்கைக்கு ஒரு பிரதமர் வரிவரியாகப் பதில் சொல்ல வேண்டிவந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திட்டத்தில் ராணுவம் 8,25,000 பேர் கொண்டதாக விரிவாக்கப்பட்டது. மலைப்போருக்கென்றே பத்து டிவிஷன்கள் திட்டமிடப்பட்டன. 1965இல் பாகிஸ்தான் மோதியபோது நாடு நிலைகுலையாமல் நின்றதற்கு அந்த விரிவாக்கமும் ஒரு காரணம். வாக்கெடுப்பில் தோற்பவர்கள் பேசுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த 62 பேரைத்தான் காட்டுவேன்.

தோல்விக்கு யார் காரணம் என்று விசாரிக்க ஹென்டர்சன் புரூக்ஸ், பிரேமிந்திர சிங் பகத் என்ற இரண்டு அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் கொடுத்த அறிக்கையின் சாரத்தை மட்டும் 1963 செப்டம்பர் 2 அன்று புதிய பாதுகாப்பு அமைச்சர் சவாண் மக்களவையில் சொன்னார். முழு அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. 2010இல் அமைச்சர் ஏ.கே. அந்தோணியிடம் கேட்டபோதும், அது மிகவும் முக்கியமான ரகசியம், இன்றைக்கும் களத்தில் பயன்படக்கூடிய தகவல் என்ற பதில்தான் வந்தது. 2014இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அதன் ஒரு பகுதியை வெளியிட்டார். எந்தக் கட்சி எதிர்வரிசையில் இருந்தாலும் வெளியிடு என்கிறது, ஆட்சிக்கு வந்ததும் பூட்டைத் திறக்க மறுக்கிறது. அறுபதாண்டுகள் கடந்த ஓர் அறிக்கையால் இன்றைக்கு எந்த எல்லைக்கும் ஆபத்து வரும் என்று நான் நம்பவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் இருபது பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். மூன்று மாதம் கழித்துக் கூடிய நாடாளுமன்றத்தில், கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டிருந்தது. செப்டம்பர் 15 அன்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் மக்களவையில் அறிக்கை படித்தார். அதன்மீது எதிர்க்கட்சியினர் பேச வாய்ப்புத் தரப்படவில்லை, வெளிநடப்புச் செய்தார்கள். 2022 டிசம்பரில் தவாங் பகுதியில் கைகலப்பு நடந்தபோதும் அறிக்கை வந்தது, விவாதம் வரவில்லை. படையின் ரகசியங்களைக் கடைவீதியில் பரப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே, நெருக்கடி நிலைக்கு நடுவே, 165 பேரைப் பேசவிட்ட அவை இது. 2025 ஜூலையில் ஆபரேஷன் சிந்தூர் பற்றி மக்களவையில் இரண்டு நாள் நீண்ட விவாதம் நடந்தது. காரசாரமாகவே நடந்தது. அதனால் எந்தப் படையும் பலவீனப்படவில்லை. கல்வானுக்கும் அப்படி இரண்டு நாள் கொடுத்திருக்க வேண்டும்.

நீலகிரிக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் கல்லூரிக்கு உரையாற்ற வந்துகொண்டிருந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர், காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் அந்தக் கிராமத்து மக்கள். அதில் பயணம் செய்த பதினான்கு பேரும் இறந்தார்கள், கடைசியாக ஒருவாரம் உயிருக்குப் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங். மறுநாள் அவையில் அமைச்சரின் அறிக்கை வாசிக்கப்பட்டது. அதன்பின் அந்த விபத்தைப் பற்றி ஊரில் எத்தனையோ வதந்திகள் உலவின. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு தாக்கல் செய்த அறிக்கையின் ஒரு பட்டியலில்தான், விமானப் படை விபத்துகளின் வரிசையில், இந்த விபத்தின் காரணம் மனிதத் தவறு என்று அச்சில் வந்தது. எல்லாக் கட்சியினரும் உட்கார்ந்திருக்கும் ஒரு குழு, அமைச்சகத்தை வரவழைத்துக் கணக்குக் கேட்டதால் வெளியே வந்த வரி அது. தொலைக்காட்சியில் அந்தக் குழுக் கூட்டங்கள் வருவதில்லை. ஆனால் 1961இல் வர்மாவும் 1962இல் தௌலத் சிங்கும் எழுதிய கடிதங்களை வரவழைத்துப் படிக்க அப்படி ஒரு குழு அன்றைக்கு நம்மிடம் இல்லை. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல்தான் வந்தன.

அந்தக் குழுவின் அறிக்கைகள் எல்லாம் மக்களவை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹெலிகாப்டர்களின் வயது, போர் விமானங்களின் எண்ணிக்கை, தோட்டா இருப்பு, எல்லைச் சாலை வேலைகள் என்று அமைச்சகத்திடம் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் அவற்றில் உள்ளன. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் எடப்பள்ளியிலோ பேரட்டியிலோ யாராவது ஒருவர் அதிலிருந்து ஒரு பக்கத்தைக் காட்டி, இதைப் பற்றி அவையில் என்ன பேசினீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த வாரம் ரயிலில் ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்குவோம். அருவங்காட்டில் வெடிமருந்து செய்யப் போனவர்கள் எந்தெந்தக் கிராமங்களிலிருந்து வந்தார்கள், அந்த வேலை அவர்கள் குடும்பங்களுக்கு என்ன கொடுத்தது, என்ன எடுத்துக்கொண்டது என்று பார்ப்போம்.

(தொடரும்)